பத்தில் ஒன்பது பேர்

ஒருவர் தம் கணிப்பின்மேல் வைக்கும் உறுதி, அந்தக் கணிப்பு பலிக்கும் வீதத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அதை மிகை நம்பிக்கை என்கிறது உளவியல். செருக்கு, திமிர், வாய்ச்சவடால் போன்ற குணங்களோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். தலைகுனிந்து மெதுவாகப் பேசுபவரிடமும் மிகை நம்பிக்கை இருக்கும். மேசையைத் தட்டிப் பேசுபவரிடம் இல்லாமலும் போகும். இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரத்துக்குத்தான் இந்தப் பெயர். ‘90 சதவீதம் நிச்சயம்’ என்று ஒருவர் சொன்ன நூறு சந்தர்ப்பங்களைத் தனியே எடுத்துவைத்தால், அவற்றில் 90 சரியாக வந்திருக்க வேண்டும். 70தான் வந்தது என்றால், குறைகிற அந்த 20தான் இங்கே பேசப்படும் பொருள்.

அது மூன்று வடிவங்களில் தென்படும். தன் திறமையை உள்ளதைவிட அதிகமாக மதிப்பது ஒன்று. பிறரோடு ஒப்பிடும்போது தன்னை முன்வரிசையில் நிறுத்திக்கொள்வது இன்னொன்று. ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், வண்டி ஓட்டும் திறமையில் தாங்கள் நடுக்கோட்டுக்கு மேலே இருப்பதாக அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதத்தினரும் ஸ்வீடனில் 69 சதவீதத்தினரும் சொன்னார்கள். நடுக்கோட்டுக்கு மேலே பாதிப் பேருக்குத்தான் இடம் உண்டு. மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த எண்கள் இவை. சொன்னதும் சபை சிரிக்கும். தான் அந்த 93இல் சேர்த்தியில்லை என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொருவரும் சிரிப்பார். மூன்றாவது வடிவத்தில் சிரிக்க ஒன்றுமில்லை, சேதம் அதிகம் செய்வதும் அதுதான்: ஒரு மதிப்பீட்டின் இரு பக்கமும் விடவேண்டிய இடைவெளியை மிகக் குறுகலாக விட்டுவிடுவது.

இந்த மூன்றாவது வடிவத்தை அளக்க எளிய வழி இருக்கிறது. ஒரு நதியின் நீளத்தையோ ஒரு நாட்டின் ஆண்டு இறக்குமதியையோ துல்லியமாகச் சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று சொன்னால் போதும். உண்மையான எண் அவற்றுக்குள் இருக்கும் என்பதில் அவருக்கு 98 சதவீத உறுதி இருக்க வேண்டும். தெரியாத விஷயமென்றால் எல்லைகளை எவ்வளவு அகலமாகவும் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. 1960களின் இறுதியில் மார்க் ஆல்பர்ட்டும் ஹோவர்ட் ரைஃபாவும் ஹார்வர்டில் மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். நூறு விடைகளில் இரண்டு எல்லைக்கு வெளியே விழுந்திருக்க வேண்டும். 40க்கும் மேல் விழுந்தன. முடிவைக் காட்டி, எல்லைகளை இன்னும் அகலமாக வைக்கும்படி சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார்கள். வெளியே விழுந்தவை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இரண்டு என்ற இலக்குக்கு அப்போதும் வெகுதூரம் இருந்தது.

பரூச் ஃபிஷாஃப், பால் ஸ்லோவிக், சாரா லிக்டென்ஸ்டைன் மூவரும் 1977இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ‘தவறாக இருக்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான்’ என்று மக்கள் தாங்களாகவே சொன்ன விடைகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அவற்றிலும் நூற்றுக்குச் சில தவறாயின. அந்த உறுதியின் பேரில் பணம் வைத்து ஆடவும் பங்கேற்றவர்கள் தயாராக இருந்தார்கள் என்பதால், ஏதோ வாய்ப்பேச்சுக்குச் சொன்ன எண் என்று தள்ளிவிட முடியவில்லை.

விவரம் போதாததால் வரும் பிழை இது, இன்னும் கொஞ்சம் தகவல் கிடைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஸ்டூவர்ட் ஆஸ்காம்ப் 1965இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்துக்கு இடம் வைக்கவில்லை. மருத்துவ உளவியலாளர்களும் மாணவர்களுமாக 32 பேரிடம் ஓர் உண்மையான மனிதரின் வாழ்க்கை வரலாற்றை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு பகுதியையும் படித்து முடித்ததும் அவரைப் பற்றிய அதே 25 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்வுசெய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 20 சதவீதம் சரியாகிவிடும். முதல் பகுதிக்குப் பிறகு சரியாக வந்தவை 26 சதவீதம், நான்காவதற்குப் பிறகு 28. உறுதியோ 33 சதவீதத்தில் தொடங்கி 53 வரை ஏறியிருந்தது. படித்த பக்கங்கள் அந்த மனிதரை அவர்களுக்கு நெருக்கமாக்கின. அவரைப் பற்றிச் சரியாகச் சொல்லும் திறமை இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்படியானால் உறுதி எதிலிருந்து பிறக்கிறது? உளவியலாளர் டேனியல் கானெமனுக்கு அதற்கான விடை இருபத்தோரு வயதையொட்டி இஸ்ரேல் ராணுவத்தில் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அதிகாரிப் பயிற்சிக்கு யாரை அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்கும் பணி அவருடைய பிரிவுக்கு. ஒருவரையொருவர் அறியாத எட்டு இளைஞர்கள். பதவிச் சின்னங்களைக் கழற்றிவிட்டு எண் அட்டைகளை மாட்டியிருப்பார்கள். ஆளுயரச் சுவர் ஒன்று, நீளமான மரக்கட்டை ஒன்று. கட்டை சுவரிலும் தரையிலும் படாமல் எல்லோரும் மறுபக்கம் போக வேண்டும். பட்டால் ஒப்புக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலில் நின்று பார்ப்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும்: இவன் தலைவன், இவன் சிடுமூஞ்சி, இவன் தன் யோசனையை யாரும் கேட்காவிட்டால் ஒதுங்கிவிடுகிறவன். மதிப்பெண் போடும்போது தயக்கமே வருவதில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை பயிற்சிப் பள்ளியிலிருந்து முடிவுகள் வரும். மரக்கட்டையை வைத்துச் சொன்ன கணிப்புக்கும் பள்ளியில் அந்த இளைஞர்கள் நடந்துகொண்ட விதத்துக்கும் சம்பந்தம் அநேகமாக இல்லை. குருட்டாம்போக்கில் சொல்வதைவிட ஏதோ கொஞ்சம் மேல், அவ்வளவுதான். செய்தி கேட்டதும் மனம் சோர்ந்துபோகும். மறுநாள் அடுத்த எட்டுப் பேர் வருவார்கள். சுவர், கட்டை, வெயில். மறுபடியும் அவர்களுடைய உள்ளம் கண்ணாடி போலத் தெரியும், மறுபடியும் தயக்கமில்லாமல் மதிப்பெண் விழும். பொதுவாக இந்தக் கணிப்புகள் பயனற்றவை என்ற அறிவு, இந்த எட்டாவது இளைஞனைப் பற்றிய கணிப்பைத் தொடவே இல்லை. இரண்டு கோடுகளும் ஒரே நீளம் என்று அளந்து பார்த்த பின்பும் ஒன்று நீளமாகவே தெரியும் கண்மயக்கத்தோடு இதை அவர் ஒப்பிட்டார்.

கண்ணெதிரே உள்ள துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கதையாகிவிட்டால் உறுதி பிறந்துவிடுகிறது என்பது கானெமனும் அவருடைய ஆய்வுத் துணைவர் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் வந்தடைந்த முடிவு. துணுக்குகள் குறைவாக இருந்தால் கதை இன்னும் நன்றாகவே ஒட்டும், முரண்டு பிடிக்க ஆளில்லையே. எது கண்ணில் படவில்லை, எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்ற கணக்கு அந்த உறுதிக்குள் நுழைவதில்லை. 1974இல் ‘சயின்ஸ்’ இதழில் இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வகைவகையாகப் பெயர் சூட்டப்பட்ட மனச்சாய்வுகள் ஏராளம். சுலபமாக நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக எண்ணுவது, முதலில் காதில் விழுந்த எண்ணையே சுற்றிச் சுற்றி வருவது, நம்பியதை உறுதிப்படுத்தும் சான்றுகளை மட்டும் தேடுவது என்று பட்டியல் வளர்ந்துகொண்டே போகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதால் கிடைக்கும் நன்மை, பிறரிடம் அவற்றைக் கண்டுபிடிக்கும் திறமை மட்டும்தான்.

இந்தியாவில் மிகை நம்பிக்கையை இன்றைக்கு மிகப் பெரிய அளவில் காணக்கூடிய இடம் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) பிரிவு. நிஃப்டி குறியீடு ஏறும் என்பவர் ‘கால்’ வாங்குகிறார், இறங்கும் என்பவர் ‘புட்’ வாங்குகிறார். அதற்குக் கொடுக்கும் விலை பிரீமியம். எக்ஸ்பைரி (காலாவதி) நாளுக்குள் சொன்ன திசையில், போதுமான தூரம் சந்தை நகராவிட்டால் பிரீமியம் முழுவதும் போய்விடும். திசை சரியாக இருந்து நேரம் தவறினாலும் நஷ்டம்தான். பார்ப்பதற்கு ஏறுமா இறங்குமா என்ற ஒரே கேள்வி. உள்ளே எவ்வளவு, எப்போது என்று இன்னும் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்ட உறுதி மூன்றுக்கும் பரவிவிடுகிறது.

சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22ஆம் நிதியாண்டில் இந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதத்தினர் பணம் இழந்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த இன்னொரு ஆய்வு 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை எடுத்துக்கொண்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களில் 93 சதவீதத்தினருக்கு நஷ்டம். கட்டணங்களையும் சேர்த்து மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம். ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று தெரிவித்தவர்களே முக்கால் பங்குக்கு மேல். எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து லாபம் எடுத்தவர்கள் பெரும்பாலும் கணினி நிரல்களைக் கொண்டு வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்கள்.

இந்தப் புள்ளிவிவரங்கள் ரகசியமாக இருந்திருந்தால் அறியாமை என்று சொல்லி முடித்துவிடலாம். 2023 ஜூலை 1 முதல் ஒவ்வொரு புரோக்கரும், வாடிக்கையாளர் தம் கணக்குக்குள் நுழையும்போதே ஓர் எச்சரிக்கையைத் திரையில் காட்ட வேண்டும் என்பது செபியின் உத்தரவு. எஃப் அண்ட் ஓவில் ஈடுபடும் தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகிறார்கள் என்பது அதன் முதல் வரி. அதைப் பார்த்ததாக ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு போக முடியும். காலை ஒன்பது மணி வாக்கில் நாடு முழுவதும் லட்சக்கணக்கான கட்டைவிரல்கள் இந்த உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டு உள்ளே போகின்றன. நஷ்டமடைந்தவர்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானோர் மறுபடியும் வந்தார்கள் என்கிறது 2024 ஆய்வு. எட்டாவது இளைஞனைப் பற்றிய கணிப்பைத் தொடாமல் விட்ட அதே அறிவு இங்கே ஒரு பொத்தானாகியிருக்கிறது.

எச்சரிக்கையை மறுக்கும் ஆள் யாருமில்லை. அந்த வாக்கியம் மற்றவர்களைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. உள்ளே நுழைபவரிடம் தன்னைப் பற்றிய விவரங்கள் நிறைய இருக்கின்றன: யூடியூபில் கற்ற சார்ட் பாடம், நான்கு மாத அனுபவம், போன வியாழக்கிழமை சரியாக வந்த ஒரு கணிப்பு. பத்தில் ஒன்பது என்ற எண்ணுக்கு முகம் இல்லை. போன வியாழக்கிழமைக்கு முகம் உண்டு. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையில் பிழையில்லாத விதி. ஒரே உலையில், ஒரே தண்ணீரில் வெந்த அரிசி அது. ஒரு நாள் லாபத்தைச் சந்தையின் பதமாக எடுத்துக்கொள்பவர் வெவ்வேறு அடுப்புகளில் கொதிக்கும் ஆயிரம் பானைகளிலிருந்து ஒரு பருக்கையை எடுத்திருக்கிறார். சிறிய மாதிரியைப் பெரியதன் நகலாக எண்ணும் இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1971இல் தங்கள் முதல் கூட்டுக் கட்டுரையை எழுதினார்கள். புள்ளியியல் அறிந்த ஆய்வாளர்களே அதில் சிக்கியிருந்தார்கள்.

வந்த லாபத்தையும் போன பணத்தையும் மனம் ஒரே பேரேட்டில் எழுதுவதில்லை. லாபம் தன் கணக்கில் ஏறும். நஷ்டத்துக்கு வேறு ஆட்கள் உண்டு: ‘ஆபரேட்டர்கள் ஸ்டாப் லாஸை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்’, ‘அமெரிக்காவில் அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால்...’, ‘இன்னும் பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் வந்திருக்கும்’. கடைசிச் சமாதானம் மிகவும் நுட்பமானது. தோற்ற கணிப்பை அது மயிரிழையில் தவறிய வெற்றியாக மாற்றி, அடுத்த கணிப்புக்கான உறுதியைக் கூட்டிக் கொடுக்கிறது. இவற்றோடு டெலிகிராம் குழுக்களில் நிரம்பி வழியும் லாப ஸ்கிரீன்ஷாட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. நஷ்டத்தைப் படம் பிடித்துப் போடுபவர் அரிது. காணக் கிடைக்கும் பத்துப் பேரும் ஜெயித்தவர்களாக இருக்கும் இடத்தில், பத்தில் ஒன்பது பேர் தோற்கிறார்கள் என்ற வாசகம் ஏதோ வேற்றூர்ச் செய்தி போலத்தான் ஒலிக்கும்.

பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடியனும் ஓர் அமெரிக்க புரோக்கர் நிறுவனத்தின் 66,465 குடும்பக் கணக்குகளை 1991 முதல் 1996 வரை ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் வளர்ந்தது. அடிக்கடி வாங்கி விற்றவர்களின் பிரிவுக்குக் கிடைத்தது 11.4. தங்கள் அறிவின்மேல் நம்பிக்கை அதிகமாக இருப்பவர்கள் அதிகமாக வியாபாரம் செய்கிறார்கள், கட்டணம் லாபத்தைத் தின்றுவிடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்று, அதனால் அவர்களைவிட அதிகம் இழந்தார்கள் என்று 2001இல் வந்த அவர்களுடைய அடுத்த கட்டுரை சொன்னது. ஓடியன் தனியாக 1998இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பழக்கத்தைக் காட்டியது: ஏறிய பங்கை விற்று லாபத்தைக் கையில் வாங்கிக்கொள்வதும், இறங்கிய பங்கை என்றாவது ஏறும் என்று பிடித்துக்கொண்டிருப்பதும். விற்ற பங்குகள், விற்காமல் வைத்திருந்தவற்றைவிட அடுத்த ஆண்டில் நன்றாக ஏறின. இறங்க இறங்க இன்னும் வாங்கி ‘ஆவரேஜ்’ செய்யும் நம்மூர் வழக்கம் இதன் அண்ணன்.

சாதாரண ஆட்கள்தானே என்று நினைத்தால், கானெமன் எழுதியுள்ள இன்னொரு சம்பவம் இருக்கிறது. பணக்காரர்களின் முதலீட்டைக் கவனிக்கும் ஒரு நிறுவனம் தன் 25 ஆலோசகர்களின் எட்டு ஆண்டுக் கணக்கை அவரிடம் கொடுத்தது. போனஸ் தொகை அந்தக் கணக்கை வைத்துத்தான். ஓர் ஆண்டின் தரவரிசைக்கும் மற்றோர் ஆண்டின் தரவரிசைக்கும் உள்ள தொடர்பை அவர் ஜோடி ஜோடியாகக் கணக்கிட்டார், சராசரி 0.01. நடைமுறையில் பூஜ்யம். திறமை என்று நினைத்துப் பரிசு கொடுத்துவந்தது அதிர்ஷ்டத்துக்கு. இரவு விருந்தில் இதை மேலதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் அதிர்ச்சியடையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சாப்பாடு தொடர்ந்தது.

நடந்து முடிந்த பிறகு மனம் செய்யும் வேலையும் இதற்குத் துணைபோகிறது. ‘அப்பவே நினைச்சேன்’ என்ற வாக்கியத்தை 1970களில் ஃபிஷாஃப் சோதனைக்கு உட்படுத்தினார். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனா போவதற்கு முன்பு, அங்கே என்னென்ன நடக்கும் என்று மாணவர்களிடம் மதிப்பீடு கேட்டு வாங்கிவைத்திருந்தார்கள். பயணம் முடிந்த பிறகு, முன்பு தாங்கள் சொன்ன எண்களை நினைவுகூரும்படி கேட்டபோது, நடந்தவற்றுக்கெல்லாம் அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகவே அவர்கள் நினைத்தார்கள். அது பொய்யில்லை, நினைவு தன்னைத்தானே திருத்தி எழுதிக்கொண்டுவிட்டது. முன்பு சொன்னதை எழுதிவைக்காத ஒருவருக்குத் தாம் எப்போதாவது தவறியதற்கான சாட்சியே கிடைக்காது.

உறுதியும் உண்மையும் ஒத்துப்போகும் தொழில்கள் உலகில் இல்லாமலில்லை. அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை 1965 முதல் மழைக்கான வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லிவருகிறது. ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்ளரும் அந்தக் கணிப்புகளை ஆராய்ந்தபோது, 30 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதில் மழை பெய்திருந்தது. மற்ற எண்களுக்கும் அப்படியே. வானிலையாளர்கள் இயல்பிலேயே அடக்கமானவர்கள் என்று நினைக்கக் காரணமில்லை. அவர்கள் தினமும் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அது அவர்கள் பெயரில் பதிவாகிறது, மறுநாள் காலைக்குள் விடை வானத்திலிருந்து விழுந்துவிடுகிறது, கணிப்பைப் பொறுத்து மழை மனம் மாறுவதுமில்லை.

அதற்கு எதிர்க்கோடியில், இருமலோடு வந்த நோயாளிகளுக்கு நிமோனியா இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மருத்துவர்கள் சொன்னதை வைத்து 1981இல் வெளியான ஆய்வு இருக்கிறது. 80 சதவீதத்துக்கு மேல் என்று அவர்கள் மதிப்பிட்டவர்களில் உண்மையில் நோய் இருந்தது சுமார் ஐந்தில் ஒருவருக்கு. மருத்துவரை இதற்காகக் குறை சொல்லிவிட முடியாது. இல்லாத நிமோனியாவை இருப்பதாக நினைத்தால் ஓர் எக்ஸ்ரே செலவு. இருப்பதைத் தவறவிட்டால் உயிர். அந்த அச்சமும் எண்ணுக்குள் புகுந்துகொள்கிறது. அதோடு, மருந்து வாங்கிப் போனவர் குணமானாரா, வேறு மருத்துவரிடம் போய்விட்டாரா என்ற செய்தி பெரும்பாலும் திரும்பி வருவதே இல்லை.

இந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் எழுகிறது. சந்தையும் வானத்தைப் போலத்தானே, நிமிடத்துக்கு நிமிடம் விடை சொல்கிறதே? டிரேடிங் செய்பவர் வானிலையாளரைவிட வேகமாகக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாமா? விடை வேகமாக வருகிறது, ஆனால் சுத்தமாக வருவதில்லை. மடத்தனமான முடிவுக்கு லாபமும் தேர்ந்த முடிவுக்கு நஷ்டமும் அன்றாடம் கிடைக்கும் இடம் அது. ஒரு விடையிலிருந்து எதையும் கற்க முடியாது. நூற்றுக்கணக்கானவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. வானிலையாளர் 30 சதவீதம் என்கிறார், டிரேடர் ‘ஏறும்’ என்கிறார். சதவீதம் சொல்லாத கணிப்பை எதனோடும் ஒட்டிப் பார்க்க முடியாது. வரிக் கணக்குக்காக ஆடிட்டர் கேட்கும்வரை ஆண்டின் மொத்த நஷ்டம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் எண் தன் விஷயத்துக்குள் நுழையாமல் நிற்பதற்கு மிகத் தெளிவான உதாரணம், இந்தத் துறையின் நிறுவனர் வீட்டிலேயே நடந்தது. 1970களில் இஸ்ரேலியப் பள்ளிகளுக்காக முடிவெடுத்தலைப் பற்றிய பாடநூல் ஒன்றை எழுதும் குழுவுக்குக் கானெமன் தலைமை வகித்தார். ஓராண்டு வேலை நடந்த பிறகு, முடிக்க இன்னும் எவ்வளவு காலமாகும் என்று எல்லோரையும் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் என்று வந்தது. குழுவில் பாடத்திட்டத் துறை வல்லுநர் ஒருவர் இருந்தார். இதே போன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று அவரிடம் கேட்டார்கள். சற்று மௌனத்துக்குப் பிறகு அவர் முகம் சிவக்கச் சொன்னார்: சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவற்றுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின. நம் குழு அவர்களைவிடத் திறமையானதா என்ற கேள்விக்கு, சற்றுக் கீழேதான் என்றார்.

இரண்டு எண்களும் ஒரே மனிதரின் தலைக்குள் இருந்தன. கேட்கும்வரை ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டியது. சில நிமிடங்களுக்கு முன்பு தம் மதிப்பீட்டை எழுதியபோது அவருக்கே அது நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கே வேலையைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று கானெமன் பின்னாளில் எழுதினார். கொஞ்சம் விவாதித்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தார்கள். நூல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முடிந்தது. அதற்குள் கல்வி அமைச்சகத்துக்கு ஆர்வம் போய்விட்டிருந்தது. முடிவெடுத்தலைக் கற்பிக்கும் அந்த நூல் ஒரு வகுப்பிலும் பயன்படுத்தப்படவில்லை.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் ஒரு முக்கியமான தடை எழுப்பினார்கள். ஒவ்வொரு விடைக்கும் எவ்வளவு உறுதி என்று கேட்டால் மிகை தெரிகிறது. ‘இந்த 50 கேள்விகளில் எத்தனை சரியாகச் சொல்லியிருப்பீர்கள்’ என்று அதே நபரைக் கேட்டால் அது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. தேர்வு எழுதி வெளியே வரும் மாணவர் ஒவ்வொரு விடையும் சரி என்பார், மதிப்பெண் எவ்வளவு வரும் என்றால் அறுபது என்பார். கண்டுபிடிப்பு சரியானது. ஆனால் வாழ்க்கையில் முடிவுகள் ஐம்பது ஐம்பதாக வருவதில்லை. ஒன்றொன்றாகத்தான், ஒவ்வொன்றும் தனித்தன்மை உள்ளதாகத் தோன்றியபடி வருகின்றன.

மிகை நம்பிக்கை இல்லாவிட்டால் யார் புதிதாகக் கடை திறப்பார் என்று கேட்பவர்களும் உண்டு. 1988இல் வெளியான ஓர் ஆய்வில் 2,994 அமெரிக்கத் தொழில்முனைவோரில் 81 சதவீதத்தினர் தங்கள் வெற்றி வாய்ப்பைப் பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றும், மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். மூடிய கடைகளின் கணக்கை அவர்கள் பார்த்திருந்தால் தெருவில் கடைகளே குறைவாக இருந்திருக்கும். சமூகத்துக்கு லாபமாக இருக்கலாம். மூடியவருக்கு இது ஆறுதல் ஆகாது.

மனிதரைத் திருத்துவதைவிட முடிவெடுக்கும் முறையைத் திருத்துவது பலன் தருகிறது என்பதில் இன்று ஓரளவு உடன்பாடு இருக்கிறது. திட்டம் தொடங்குமுன் குழுவைக் கூட்டி, ‘ஓராண்டு கழிந்துவிட்டது, இது படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன் என்று எழுதுங்கள்’ என்று கேட்கும் உத்தியைக் கேரி கிளைன் பரப்பினார். தலைவர் எதிரில் சந்தேகத்தைச் சொல்லத் தயங்குபவருக்கு அது சொல்வதற்கான அனுமதியாகிறது. செபியும் எச்சரிக்கையோடு நிற்கவில்லை. 2024 நவம்பரிலிருந்து ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஒவ்வொரு பங்குச் சந்தையிலும் ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டுமே வாராந்திர எக்ஸ்பைரி என்று கட்டுப்படுத்தியது. ஆட்டத்துக்கு வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆனாலும் 2024-25 நிதியாண்டில் தனிநபர்களின் நிகர நஷ்டம் 1,05,603 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் 74,812 கோடி. தோற்றவர்கள் 91 சதவீதம்.

மரக்கட்டைத் தேர்வு நடந்த அதே ராணுவத்தில், 1955இல், புதிதாகச் சேர்பவர்களை நேர்காணல் செய்யும் முறையை மாற்றும் வேலையும் கானெமனுக்கு வந்தது. அதுவரை நேர்காணுபவர் கால் மணி நேரம் பேசிவிட்டு, இவர் ராணுவத்தில் எப்படி இருப்பார் என்று மனதுக்குப் பட்டதைச் சொல்வார். பயனில்லை என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. கானெமன் ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றுக்கும் உண்மையாக நடந்தவற்றைப் பற்றிய கேள்விகள்: எத்தனை வேலை பார்த்தார், நேரத்துக்குப் போனாரா, நண்பர்களோடு எவ்வளவு பழகினார். ஒரு குணத்துக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி நினைக்கவே கூடாது, கூட்டல் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார். நேர்காணுபவர்கள் கொதித்தார்கள். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். அவர் ஒரு சமரசத்துக்கு வந்தார். ஆறையும் சொன்னபடி போடுங்கள். முடித்ததும் கண்ணை மூடி அந்த இளைஞனை ராணுவ வீரனாகக் கற்பனை செய்து, ஒன்று முதல் ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

சில மாதங்களில் முடிவு வந்தது. ஆறு மதிப்பெண்களின் கூட்டல் பழைய முறையைவிட நன்றாகக் கணித்திருந்தது. கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவுக்கு நன்றாகக் கணித்திருந்தது. ஆறு குணங்களைக் கடந்து வந்த உள்ளுணர்வு, முதல் நிமிடத்தில் பாய்ந்து வரும் உள்ளுணர்வைப் போல இல்லை. இரண்டுக்கும் இறுதிக் கணக்கில் சம எடை கொடுக்கப்பட்டது.

சுமார் 45 ஆண்டுகளுக்குப் பிறகு, நோபல் பரிசு பெற்ற கானெமன் அந்தப் பழைய பிரிவுக்கு விருந்தினராகப் போனார். தலைமை வகித்த பெண் அதிகாரி, நேர்காணல் எப்படி நடக்கிறது என்று அவருக்கு விளக்கினார். முறை பெரிதாக மாறியிருக்கவில்லை. ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் சேர்த்துக்கொண்டார்: பிறகு அவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வோம்.